கரண்ட் போனால் சோலார் ஓடுமா? பேட்டரி எதற்கு, எவ்வளவு?

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடுகிறது. மாடியில் 3 கிலோவாட் சோலார் போட இரண்டு பேரிடம் விலை கேட்டாராம். ஒருவர், “பேட்டரி வீண் செலவு, வேண்டவே வேண்டாம்” என்றிருக்கிறார். மற்றவர், “பேட்டரி இல்லாமல் சோலார் போட்டு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்றிருக்கிறார். “அண்ணா, யார் சொல்வது சரி? பேட்டரி வைத்தால் உள்ளே என்னதான் நடக்கிறது?” இதுதான் கேள்வி.

இரண்டு பேரும் சொல்வது சரிதான் தம்பி. முதல் ஆள் உங்கள் பில்லைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாவது ஆள் கரண்ட் இல்லாத ராத்திரியைப் பற்றிப் பேசுகிறார். உங்களுக்கு எது தொல்லை என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, அதனால்தான் குழப்பம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் அப்போது 3 கிலோவாட் ஆன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைந்து ஓடும் வகை) இருந்தது. ஊரில் தென்னை முழுக்கச் சாய்ந்துவிட்டது, மின்கம்பங்கள் படுத்துவிட்டன. அவர் மாடியில் மட்டும் பேனல் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. புயலுக்கு முன்பு பக்கத்துத் தோப்புத் தென்னை நிழல் பேனலில் விழுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவர் அவர். அதன் பிறகு நிழல் தர ஒரு மரம்கூட இல்லை. வெயில் வந்த நாளிலும் வீட்டில் ஒரு பல்ப் எரியவில்லை. செல்போனுக்குச் சார்ஜ் போடப் பக்கத்துத் தெரு ஜெனரேட்டருக்குத்தான் நடந்தார். “மூன்று கிலோவாட் தலைக்கு மேல் இருக்கிறது, கீழே மெழுகுவத்தி” என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சோலார் போட்டால் கரண்ட் போகாது என்று நம்பிப் போட்டவர் அவர். அந்த நம்பிக்கை இன்றும் பலருக்கு இருப்பதால்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் பேனல். வெயில் பட்டதும் சிலிக்கான் செல்லில் எலக்ட்ரான்கள் நகர்ந்து கரண்ட் வருகிறது. ஒரு செல்லில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். வரிசையாகக் கோத்து ஒரு பேனலாக்கும்போது, பலர் போடும் 540 வாட் பேனலில் சுமார் 41 வோல்ட், 13 ஆம்பியர் வருகிறது. அப்படி 6 பேனலைத் தொடராக இணைத்தால் 3.24 கிலோவாட். மாடியிலிருந்து இறங்கும் ஒயரில் 240 வோல்ட்டுக்கு மேல் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) இருக்கும். அந்த 540 வாட் என்பது செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்த கணக்கு. சித்திரை வெயிலில் நம் மாடியில் செல் 65 டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைகிறது என்று வைத்தால் 14 சதவீதம் அங்கேயே போய்விட்டது. அக்னி நட்சத்திரத்தில்தான் உற்பத்தி உச்சத்துக்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். மழை விட்டு வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் தை, மாசியில்தான் மீட்டர் நன்றாக ஓடும். வருடம் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் நம் ஊரில் 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட். உங்கள் 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. உங்கள் செலவு 700. அதிலும் முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். பில்லுக்கு 3 கிலோவாட் தாராளம். யாராவது 5 கிலோவாட் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பேனல் தருவது டிசி, வீட்டுக்கு வேண்டியது 230 வோல்ட் ஏசி (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்). மாற்றித் தருவது இன்வெர்ட்டர். மேகம் வந்து போகும்போதெல்லாம் பேனலிடமிருந்து அதிகபட்சம் எந்த வோல்ட்டேஜில் இழுக்கலாம் என்று இடைவிடாமல் தேடிக்கொண்டே இருக்கும் ஒரு சர்க்யூட்டும் அதற்குள் உண்டு. எம்பிபிடி என்பது அதுதான். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் ஈபி லைனின் வோல்ட்டேஜையும், விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்கும் அதன் அலையையும் பார்த்துப் பார்த்து, அதோடு ஒட்டிக் கரண்டைத் தள்ளுகிறது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் இருப்பார் இல்லையா? அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் வாசிப்பு நடக்கும். இங்கே ஈபி லைன்தான் ஒத்து. ஒத்து ஓய்ந்தால் இந்த இன்வெர்ட்டர் வாயை எடுத்துவிடும்.

அது கோளாறு இல்லை, அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது விதி. கம்பத்தில் லைன்மேன் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால் அவர் உயிர் போகும். அதனால் ஈபி போன கண நேரத்தில் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். உறவுக்காரர் வீட்டில் நடந்தது இதுதான்.

“லைனைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு மட்டும் ஓட்டலாமே?” என்று கேட்பீர்கள். லைனைப் பிரித்தால் மட்டும் போதாது. பேனல் தருவதும் வீடு இழுப்பதும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தாக வேண்டும். மிக்ஸி போட்டால் திடீரென்று 750 வாட் அதிகம் வேண்டும். அதே நேரம் ஒரு மேகம் வந்து பேனல் பாதியாக இறங்கும். ஈபி இருக்கும்போது பற்றாக்குறையை அது கொடுத்துவிடும், மிச்சத்தை அது வாங்கிக்கொள்ளும். ஈபி இல்லாதபோது அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பேட்டரி. ராத்திரிக்குச் சேர்த்து வைப்பது அதன் ஒரு வேலை. பகலில் வீட்டையும் பேனலையும் சமன் செய்து நிற்பது இன்னொரு வேலை. இரண்டாவதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

இந்த ஏற்பாட்டைச் செய்வதுதான் ஹைப்ரிட் இன்வெர்ட்டர். பேனல், பேட்டரி, ஈபி என்று மூன்று பக்கமும் ஒயர் போகும். ஈபி இருக்கும்போது சாதாரண ஆன்-கிரிட் மாதிரி லைனோடு ஒட்டி ஓடும். போனதும் உள்ளே இருக்கும் ரிலே லைனைத் துண்டிக்கும், இன்வெர்ட்டர் தானே சுருதி ஊத ஆரம்பிக்கும். மாறுவதற்கு 10, 20 மில்லி விநாடி ஆகும். ஃபேன் நிற்காது, டிவி அணையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இதில் பேக்கப் என்று தனியாக ஒரு வெளியீடு இருக்கும். அதில் இணைத்ததுதான் கரண்ட் போனால் ஓடும். வீடு முழுக்க ஓடும் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

பேக்கப்புக்குத் தனி டிபி பாக்ஸ் (ஒயர்கள் பிரியும் சுவிட்ச் பெட்டி) போடச் சொல்லுங்கள். அதன் நியூட்ரலைப் பழைய நியூட்ரலோடு கலக்காமல் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எல்லா ரூமுக்கும் ஒரே நியூட்ரல் ஓடும். அதை அப்படியே விட்டுவிட்டால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் சுவிட்ச்) காரணமில்லாமல் டிரிப் ஆகும். சோலார்க்காரர் எலக்ட்ரீஷியனைக் கை காட்டுவார், எலக்ட்ரீஷியன் சோலார்க்காரரைக் கை காட்டுவார். நடுவில் நீங்கள் நிற்பீர்கள்.

இனி பேட்டரி. 2012 வாக்கில் நம் மாநிலம் மின்வெட்டில் தவித்தபோது வீட்டுக்கு வீடு வந்ததே, அந்த 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி, அதாவது ஈய-அமில வகைதான் பலருக்குத் தெரிந்தது. நானும் அப்போது இரண்டு வாங்கி, நான்கு சின்ன பேனலோடு கோத்தேன். பெருமையாக ஃபிரிட்ஜையும் அதிலேயே போட்டேன். 14 மாதத்தில் இரண்டும் செத்தன. தப்பு பேட்டரி மேல் இல்லை, என் கணக்கு மேல்தான்.

அந்தக் கணக்கு இதுதான். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் பெருக்கினால் 1,800 வாட்-அவர், அதாவது 1.8 யூனிட். காகிதத்தில். அந்த 150 ஏஎச் பெரும்பாலும் சி20 கணக்கு, அதாவது 20 மணி நேரம் மெதுவாக 7.5 ஆம்பியர் எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுத்தால் குறையும். தினமும் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் மளமளவென்று இறங்கும். ஆக 0.9 யூனிட். இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் கையில் 0.8 யூனிட்டுக்குக் கீழேதான். இதைவிட மோசம் சார்ஜ் ஆகும் விதம். ஈய-அமிலப் பேட்டரி கடைசி 20 சதவீதத்தை மிக மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். முழுதாக நிரம்ப 10, 12 மணி நேரம் பிடிக்கும். நல்ல வெயில் இருப்பதோ 5, 6 மணி நேரம். தினமும் முக்கால் வயிறோடு நின்றால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். என் பேட்டரிகள் அப்படித்தான் போயின. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற மறந்தது வேறு கதை.

இப்போது வீட்டு சோலாருக்கு வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். உள்ளே ஒரு பக்கம் கிராஃபைட், இன்னொரு பக்கம் இரும்பு பாஸ்பேட். சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயனிகள் இரும்புப் பக்கத்திலிருந்து கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும், எடுக்கும்போது திரும்பி வரும். ஒரு செல் 3.2 வோல்ட். 16 செல் சேர்ந்தால் 51.2 வோல்ட், 100 ஏஎச் என்றால் 5.12 யூனிட். இதில் 85 சதவீதம் வரை தினமும் எடுக்கலாம், இன்வெர்ட்டர் இழப்பு போகக் கையில் 4 யூனிட் நிற்கும். டியூபுலரில் இந்த 4 யூனிட் வேண்டுமானால் 150 ஏஎச்சில் ஐந்தாறு பேட்டரி வேண்டும், ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல். லித்தியத்தில் மொத்தமே 50 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். வேகமாகவும் வாங்கிக்கொள்ளும். 50 ஆம்பியரில் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும், காலை 11 மணிக்குள் வேலை முடிந்தது. முக்கால் வயிறோடு நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஸ்கூட்டர் பேட்டரி தீப்பிடிக்கும் செய்திகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு: நிக்கல், கோபால்ட் சேர்ந்த வகையைவிட இந்த வகை சூட்டைத் தாங்கும். அதற்காகத் தகர ஷெட் போட்ட மாடிப்படி ரூமில் கொண்டுபோய் வைக்காதீர்கள். எந்தப் பேட்டரிக்கும் சூடுதான் எமன். வீட்டுக்குள், காற்றோட்டமுள்ள சுவரோரம் வையுங்கள், தரையிலிருந்து இரண்டடி மேலே. மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும் வீடென்றால் இன்னும் மேலே.

லித்தியம் பேட்டரிக்குள் பிஎம்எஸ் என்று ஒரு போர்டு இருக்கும். 16 செல்லையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டு, ஒன்று அதிகம் ஏறினாலோ இறங்கினாலோ மொத்தத்தையும் அறுத்துவிடும். இந்த வகையில் வோல்ட்டேஜ் கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அதனால் வோல்ட்டேஜைப் பார்த்து எத்தனை சதவீதம் மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணித்தான் பிஎம்எஸ் கணக்குச் சொல்கிறது. எண்ணிக்கை நாளாக ஆகத் தப்பும். மாதம் ஒருமுறையாவது 100 சதவீதம் நிரப்பவிட்டால் கணக்கு நேராகும். “30 சதவீதம் காட்டியது, பட்டென்று அணைந்துவிட்டது” என்று வரும் புகார்களில் பல இந்தக் கணக்குக் கோளாறுதான்.

இன்வெர்ட்டரும் பிஎம்எஸ்ஸும் ஒன்றோடொன்று பேச ஒரு கேபிள் உண்டு. வாங்கும் முன் இந்த இன்வெர்ட்டரும் இந்தப் பேட்டரியும் பேசிக்கொள்ளுமா என்று எழுத்தில் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று ஒன்றை ஒரு கடையிலும் மற்றதை வேறொரு கடையிலும் வாங்கி, ஊமையும் செவிடுமாக ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பணத்துக்கு வருவோம். நெட் மீட்டர் இருந்தால் பகலில் நீங்கள் லைனுக்குக் கொடுத்த யூனிட் ராத்திரி எடுத்த யூனிட்டில் கழியும். பில் கணக்கில் ஈபி லைனே உங்கள் பேட்டரி மாதிரிதான். அதற்கு டிஸ்டில்ட் வாட்டர் வேண்டாம், தேய்மானமும் இல்லை. சொந்தப் பேட்டரி 5 யூனிட் அளவில் 1,20,000 ரூபாய்க்கு வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 4 யூனிட், 4,000 தடவை ஏற்றி இறக்கினால் 16,000 யூனிட். யூனிட்டுக்கு 7.50 ரூபாய் பேட்டரிக்கே போய்விட்டது. லைன் சும்மா வைத்திருந்து தருவதை 7.50 கொடுத்து ஏன் வைக்க வேண்டும்? முதல் ஆள் “வீண் செலவு” என்றது இந்தக் கணக்கில்தான். பில்லைக் குறைக்க மட்டும் என்றால் அவர் பக்கம்தான் நான்.

மானியமும் அப்படியே. 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000தான். இந்தத் தொகை லைனோடு இணைந்த பேனலுக்கு. பேட்டரிக்கென்று தனியாக எதுவும் கிடையாது.

ஆனால் நீங்கள் இருப்பது பட்டுக்கோட்டைப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஊர். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா, இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறதா, மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் இல்லையா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இரண்டாவது ஆள் சொல்வதையும் கேளுங்கள். அந்தச் செலவைப் பில்லில் மிச்சம் பிடிக்க முடியாது, ஜெனரேட்டர் வாங்குவது போன்ற செலவு அது.

எவ்வளவு பெரிய பேட்டரி என்பதற்கு மாடியின் அளவையோ பேனலின் அளவையோ பார்க்க வேண்டாம், ராத்திரியைப் பாருங்கள். 75 வாட் ஃபேன் 3, ஒன்பது மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ஃபிரிட்ஜ் ராத்திரி முழுக்க 0.6. எல்இடி விளக்கு, டிவி, வைஃபை எல்லாம் சேர்ந்து 0.6. மொத்தம் 3.2 யூனிட், 5.12 யூனிட் பேட்டரிக்குள் அடங்கும். ஃபேன்களை 30 வாட் பிஎல்டிசி (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வகை) ஆக்கினால் 2 யூனிட்டாக இறங்கிவிடும். பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட மூன்று ஃபேன் மாற்றுவது எத்தனையோ மலிவு, இதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்று தெரியவில்லை. ஒன்றரை டன் ஏசியை ராத்திரி முழுக்க ஓட்டினால் அது மட்டுமே 5, 6 யூனிட் தின்னும், பேக்கப்பில் அதைச் சேர்க்காதீர்கள். கீசர், இண்டக்‌ஷன் அடுப்புக்கும் அங்கே இடமில்லை.

மோட்டார் விஷயம் தனி. 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு கேட்கும். பேட்டரியில் யூனிட் இருந்தாலும் இன்வெர்ட்டர் அந்த உதையைத் தாங்க வேண்டும். 3 கிலோவாட் ஹைப்ரிட் பல நேரம் ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். மோட்டாரை பேக்கப்பில் ஓட்டத்தான் வேண்டும் என்றால் 5 கிலோவாட் இன்வெர்ட்டராகப் பாருங்கள், பேனல் 3 கிலோவாட்டே இருக்கட்டும். புயல் நாளில் மோட்டாரைப் பகல் 12 மணிக்குப் போட்டு டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே ஏறிய தண்ணீரும் ஒரு சேமிப்புதான்.

பேட்டரி நிரம்பி, ஈபியும் இல்லாமல், வீட்டிலும் லோடு குறைவாக இருந்தால் மிச்சக் கரண்ட் எங்கே போகும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். எங்கும் போகாது. இன்வெர்ட்டர் பேனலிடம் குறைவாக இழுக்கும், எடுக்காத வெயில் பேனலைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கும், அவ்வளவுதான்.

செட்டிங்கில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஈபி இருக்கும்போது பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஓர் எல்லை வைக்கலாம். சாதாரண நாளில் 30, 40 இருக்கட்டும். புயல் சின்னம் என்று வானிலை ஆய்வு மையம் சொன்ன அன்றே 100க்கு ஏற்றி, நிரப்பி வையுங்கள். அடுத்தது, கரண்ட் போன பிறகு பேட்டரியை அடியோடு காலி செய்யாதீர்கள். பிஎம்எஸ் அறுத்துவிட்டால் பல ஹைப்ரிட் இன்வெர்ட்டர்கள் மறுநாள் வெயில் வந்தாலும் தானாக எழுந்திருக்காது, எழுப்பவே கொஞ்சம் பேட்டரி வேண்டும். 20 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அடர்ந்த மூட்டமான நாளில் பேனல் தன் அளவில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் தரும் என்பதையும் மனதில் வைத்து ஓட்டுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் பேரம் பேசாதீர்கள். பகலில் மாடி டிசி ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், மெயினை அணைத்தாலும் இருக்கும். டிசி ஏசி மாதிரி விநாடிக்கு நூறு தடவை சுழிக்கு வந்து போகாது, அதனால் லூஸ் இணைப்பில் பொறி பிடித்தால் நிற்காமல் எரியும். ஒரு வீட்டில் இரண்டு வேறு கம்பெனி கனெக்டரை அழுத்தி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வருடத்தில் உருகி, மாடிச் சுவரில் கரிக்கோடு. பேனல் ஃபிரேமுக்கு எர்த், இடிதாங்கிக்குத் தனி எர்த், டிசி பக்கம் ஏசி எம்சிபி போடாமல் டிசிக்கென்று செய்த ஐசொலேட்டர் (லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), இவற்றைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஸ்டாண்டைத் தளத்தில் போல்ட் அடித்து நிறுத்தச் சொல்லுங்கள். பேனல் தெற்கு பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வு போதும். நம் பக்கம் அதற்கு மேல் தூக்கினால் காற்றுக்குத்தான் லாபம்.

உங்களுக்கு என் யோசனை: 3 கிலோவாட் பேனல், இன்வெர்ட்டரை மட்டும் இப்போதே ஹைப்ரிட்டாக வாங்கி, நெட் மீட்டரோடு ஓட்டுங்கள். பேட்டரி இல்லாமலும் ஆன்-கிரிட்டாக ஓடும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள். பேக்கப் டிபி ஒயரிங்கையும் இப்போதே முடித்துவிடுங்கள், பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்காது. கையில் பணம் இருந்தால் 5 யூனிட் பேட்டரியும் சேர்த்து, இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசிக்குள்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம், சாயங்காலம் 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் ஈபி மீட்டர் ரீடிங்கை ஒரு தாளில் எழுதுங்கள். ஏசி போட்ட ராத்திரி, போடாத ராத்திரி என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். அந்தத் தாளை அனுப்பினால் பேட்டரி அளவை நான் சொல்கிறேன்.